தாவளம்: நெடுஞ்சாலை மறந்துபோன கொங்கு நாட்டு நிறுத்தங்கள்

கோவை சிங்காநல்லூர் பேருந்து நிலையத்தில் கரூர் வண்டியில் ஏறி அமர்ந்தால் சூலூர், பல்லடம், காங்கேயம், வெள்ளக்கோவில் என்று வரிசையாக ஊர்கள் வரும். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் கரூர் வந்துவிடும். நடுவில் காங்கேயத்தில் பத்து நிமிடம் நிற்கும். ஒரு டீ, ஒரு வடை, மீண்டும் விசில். பயணம் என்பது இன்று இவ்வளவுதான்!

ஆனால் இதே தூரத்தை இரண்டாயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் நடந்தும், பொதி மாடுகளை ஓட்டிக்கொண்டும், வண்டி கட்டிக்கொண்டும் கடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று மணி நேரம் போதவில்லை. ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். ஒரு வாரம் நடக்கிறவன் எங்கே தண்ணீர் குடித்தான்? இரவில் எங்கே படுத்தான்? மாட்டை எங்கே மேய விட்டான்? கையில் இருந்த பொன்னையும் மணியையும் திருடனிடமிருந்து எப்படிக் காப்பாற்றினான்?

இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால் கொங்கு நாட்டின் வரலாறே வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். இன்று சுற்றுலாப் பயணிகள் "மெயின் ரோட்டை விட்டு உள்ளே போக வேண்டிய இடம்" என்று சொல்லும் பல இடங்கள் ஒரு காலத்தில் மெயின் ரோட்டிலேயே இருந்தவை. இடங்கள் நகரவில்லை. சாலைதான் நகர்ந்துவிட்டது!

தாவளம் என்றால் என்ன?

பழந்தமிழ்க் கல்வெட்டுகளில் பெரிய சாலைகளுக்குப் "பெருவழி" என்று பெயர். அதியமான் பெருவழி, இராசகேசரிப் பெருவழி, வீரநாராயணப் பெருவழி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. இந்தப் பெருவழிகளில் வணிகர்கள் தங்கிச் சென்ற இடம்தான் தாவளம்.

தருமபுரிப் பகுதியில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் ஒன்று இதற்கு அருமையான சான்று. நாவல் தாவளம் என்ற இடத்துக்கு இன்னும் 29 காதம் இருக்கிறது என்று அதில் பொறித்திருக்கிறார்கள். சுவையான செய்தி அதுவல்ல. எழுத்துக்குக் கீழே இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் குடைந்திருக்கிறார்கள். பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறிய குழி ஒன்றுக்கு ஒன்று. ஆக 29! படிக்கத் தெரியாத வண்டிக்காரன் இரவில் வந்தாலும் விரலால் தடவித் தூரத்தைத் தெரிந்துகொள்ளலாம். இன்றைய மைல்கல்லில் கூட இந்த வசதி இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கல் தூரத்தைச் சொல்வது ஒரு தாவளத்துக்கு. அதாவது, நடக்கிறவனுக்குத் தெரிய வேண்டியது அடுத்த தங்குமிடம் எவ்வளவு தூரம் என்பதுதான். தண்ணீர், நிழல், பயமின்மை ஆகிய மூன்றும் எங்கே கிடைத்ததோ அங்கே தாவளம் அமைந்தது. தாவளங்களைக் கோத்துக்கொண்டு போனது பெருவழி. இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு கொங்கு நாட்டை மேற்கிலிருந்து கிழக்காகக் கடந்து பார்ப்போம்.

கணவாயின் வாசலில்

மேற்குத் தொடர்ச்சி மலை குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை ஒரு மதில் போல நிற்கிறது. அந்த மதிலில் உள்ள மிகப் பெரிய வாசல் பாலக்காட்டுக் கணவாய். சுமார் 30 முதல் 40 கிலோமீட்டர் அகலம். ஆடி மாதக் காற்று இதன் வழியாகத்தான் பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை வரை புகுந்து வீசுகிறது. அந்தக் காற்றை நம்பித்தான் இன்று ஆயிரக்கணக்கான காற்றாலைகள் சுற்றுகின்றன. அன்றைக்கு அதே தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டுதான் எகிப்துக் கரையிலிருந்து கிளம்பிய கப்பல்கள் முசிறிக்கு வந்தன. கடலில் கப்பலைத் தள்ளிய காற்றும், தரையில் பொதி மாட்டின் முதுகில் வீசிய காற்றும் ஒன்றே!

முசிறியிலிருந்து உள்நாட்டுக்கு வரும் வணிகனுக்கு மலையேறாமல் கடக்க இருந்த பெரிய வாசல் இந்தக் கணவாய்தான். 1862இல் சென்னையிலிருந்து மேற்குக் கரைக்கு ரயில் பாதை போட்ட ஆங்கிலேயர்களும் இதே வாசலைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய 544ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் (பழைய 47) வாளையாறு வழியாக இதே வாசலில்தான் நுழைகிறது.

வாளையாற்றுக்குத் தெற்கே, தமிழக கேரள எல்லையில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் வேலந்தாவளம். பேருந்தில் பெயர்ப்பலகையைப் பார்ப்பவர்களுக்கு அது வெறும் ஊர்ப்பெயர். ஆனால் பெயரின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் "தாவளம்" என்ற சொல்லைப் பாருங்கள். கணவாயைக் கடந்து வந்தவன் மூட்டையை இறக்கி வைத்த இடம் என்று ஊரே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அங்கிருந்து அதிக தூரம் இல்லை குமிட்டிபதி. அங்குள்ள மலைக்குகையில் பாறை ஓவியங்கள் இருக்கின்றன. வெள்ளை நிறத்தில் தீட்டிய யானை கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிறது. யார் வரைந்தார்களோ, அவர்கள் யானையை நேரில் பார்த்துத்தான் வரைந்திருக்கிறார்கள். ஏனென்றால் இது மனிதர்களுக்கு மட்டும் வாசல் அல்ல. யானைகளும் தலைமுறை தலைமுறையாக இந்த மலையடிவாரத்தில் நடந்திருக்கின்றன. 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு மதுக்கரை வனப்பகுதியில் தண்டவாளத்தை நெருங்கும் யானைகளைக் கண்டுபிடித்து எச்சரிக்க, செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் 2024இல் பயன்பாட்டுக்கு வந்தன. குகையில் யானை வரைந்தவனுக்கும், தண்டவாளத்தில் கேமரா வைத்தவருக்கும் இடையே எத்தனை நூற்றாண்டுகள்! இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருப்பது ஒரே யானைப் பாதையை.

இராசகேசரியின் கல்

கோவைக்கு மேற்கே, சுண்டக்காமுத்தூரை அடுத்த மலையடிவாரத்தில் ஒரு பாறைக் கல்வெட்டு உண்டு. "இராசகேசரிப் பெருவழி" என்ற பெயரைத் தாங்கி நிற்பது இதுதான். தமிழ் எழுத்து, வட்டெழுத்து என இரண்டிலும் பொறித்திருக்கிறார்கள். இராசகேசரி என்பது சோழர்களின் பட்டப்பெயர். கொங்கு நாட்டை வென்ற முதலாம் ஆதித்த சோழன் (கி.பி. 871 முதல் 907 வரை) காலத்தோடு ஆய்வாளர்கள் இதைச் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஏன் இரண்டு எழுத்து? அன்று சேர நாட்டிலும் கொங்கிலும் வட்டெழுத்து வழக்கில் இருந்தது. சோழ நாட்டார் எழுதியது தமிழ் எழுத்தில். கணவாயின் இந்தப் பக்கத்தில் இருந்து வருபவனும் அந்தப் பக்கத்தில் இருந்து வருபவனும் படிக்க வேண்டும் என்றால் இரண்டிலும் எழுதத்தானே வேண்டும்? வாளையாறு எல்லையில் இன்று தமிழிலும் மலையாளத்திலும் பலகை வைத்திருப்பதைப் போலத்தான்.

கல்வெட்டில் உள்ள பாட்டு சோழ மன்னனை வாழ்த்துகிறது. அவனுடைய ஆட்சியை நிழலோடு ஒப்பிடுகிறது. வெயிலில் நடந்து களைத்து வருகிறவனுக்கு "நிழல்" என்ற சொல்லை விட எது இதமாக இருந்திருக்கும்? இந்தச் சாலை அரசனின் நிழலில் இருக்கிறது, இங்கே உன்னை யாரும் தொட முடியாது என்பதே அதன் உட்பொருள். தண்ணீரையும் மரத்தையும் இயற்கை கொடுத்தது. பயமின்மையை அரசன் கொடுக்க வேண்டியிருந்தது. சும்மா கொடுக்கவில்லை, சுங்கம் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தான்! கோவை நகருக்குள் "சுங்கம்" என்ற பெயரிலேயே ஒரு சந்திப்பு இருப்பதை நகரவாசிகள் அறிவார்கள்.

வெள்ளலூரில் ரோமாபுரி வெள்ளி

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, பேரூர், கோவை, திருப்பூர் வழியாக 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. பெருவழி இந்த ஆற்றின் கூடவே போனது. காரணம் எளிது. கொங்கு மழை குறைந்த நாடு. மேற்கு மலை மழையைத் தடுத்து நிறுத்திக்கொள்கிறது. ஆற்றை விட்டு விலகினால் தண்ணீர் இல்லை. ஆற்று நீரை அணை கட்டித் திருப்பிக் குளம் குளமாக நிரப்பினார்கள். கோவையின் கிருஷ்ணாம்பதி, உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், குறிச்சி குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் அந்தச் சங்கிலியின் கண்ணிகள்.

அந்த வரிசையில் வருவது வெள்ளலூர். இன்று கோவைக்காரர்களிடம் வெள்ளலூர் என்றால் குப்பைக் கிடங்குதான் நினைவுக்கு வரும். ஆனால் 1842இல் இங்கே ஒரு புதையல் கிடைத்தது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள்! பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரு பேரரசர்களின் உருவம் பொறித்தவை. 1891இலும், 1931இலும் மீண்டும் கிடைத்தன. வெள்ளலூர் மட்டுமல்ல. நொய்யல் கரையில் உள்ள கத்தாங்கண்ணியில் 1913இல் 233 வெள்ளிக் காசுகள். உடுமலை அருகே பூதிநத்தத்தில் 1946இல் ஆயிரத்துக்கும் மேல். இந்தியாவில் ரோமானியக் காசுகள் அதிகமாகக் கிடைத்த பகுதிகளில் கொங்கு நாடு முன்வரிசையில் நிற்கிறது.

இவ்வளவு காசை யார் புதைத்தார்கள்? ஏன் திரும்பி வந்து எடுக்கவில்லை? வங்கி இல்லாத காலத்தில் மண்தான் வங்கி. வழியில் ஆபத்து என்று தெரிந்தால் பானையில் போட்டுப் புதைத்துவிட்டு, அடையாளம் வைத்துக்கொண்டு போவார்கள். திரும்பி வந்தவன் எடுத்துக்கொண்டான். அந்தப் பானைகள் இன்று நம்மிடம் இல்லை. நமக்குக் கிடைத்தவை எல்லாம் திரும்பி வராதவர்களின் பானைகள்! அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியில் பளபளக்கும் ஒவ்வொரு புதையலுக்குப் பின்னாலும் முடியாமல் போன ஒரு பயணம் இருந்திருக்கக்கூடும்.

இந்தியாவுக்கு ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் பணம் போகிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் குறைப்பட்டுக்கொண்டார். அவர் குறைப்பட்டுக்கொண்ட பணத்தில் கொஞ்சம் வெள்ளலூர் மண்ணுக்குள் கிடந்தது என்பது அவருக்குத் தெரிந்திருக்காது.

பறவைகளுக்கும் தாவளம்

திருப்பூரைத் தாண்டி ஊத்துக்குளி சாலையில் சர்க்கார் பெரியபாளையம். இங்கே இரண்டு நிறுத்தங்கள் அருகருகே உள்ளன. ஒன்று, தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சுக்ரீசுவரர் கோயில். பழைய பெயர் குரக்குத்தளி. சுக்ரீவன் வழிபட்ட தலம் என்பது ஊர் நம்பிக்கை. மற்றொன்று நஞ்சராயன் குளம்.

நஞ்சராயன் குளத்துக்கு வரும் விருந்தாளிகளில் ஒன்று வரித்தலை வாத்து. மங்கோலியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டிப் பறந்து வரும் பறவை இது. அந்தப் பறவைக்குத் தேவையானதும் அதே மூன்றுதான்: தண்ணீர், இரை, பயமின்மை. 2022இல் தமிழக அரசு இக்குளத்தை மாநிலத்தின் 17ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஈரோடு அருகே உள்ள வெள்ளோடு சரணாலயம் அதற்கு முன்பே, 2022இல் அந்தப் பட்டியலில் இடம் பிடித்துவிட்டது.

இரண்டும் மனிதன் வெட்டிய ஏரிகள் என்பதுதான் இங்கே முக்கியம். மனிதனுக்காகவும் பயிருக்காகவும் தேக்கிய தண்ணீர் பறவைகளின் பெருவழியில் ஒரு தாவளம் ஆகிவிட்டது. மனிதர்கள் தங்கள் நிறுத்தங்களை மறந்துவிட்டார்கள். பறவைகள் மறக்கவில்லை.

கொடுமணல்: கல்லை மணியாக்கிய ஊர்

இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க முடியும் என்றால் அது கொடுமணலாகத்தான் இருக்க வேண்டும். சென்னிமலைக்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டரில், நொய்யலின் வடகரையில் உள்ள சின்ன ஊர். சங்க நூலான பதிற்றுப்பத்தில் "கொடுமணம்" என்று வரும் ஊர் இதுதான் என்பது அறிஞர்களின் கருத்து. கபிலரும் அரிசில் கிழாரும் அதன் அணிகலன்களைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கே அகழாய்வு செய்தது. பேராசிரியர் கா. ராஜன் இந்த ஆய்வுகளில் முக்கியப் பங்கு வகித்தவர். பிற்பாடு பிற நிறுவனங்களும், மாநிலத் தொல்லியல் துறையும் தோண்டின. கிடைத்தவை வியக்க வைப்பவை. இரும்பு உருக்கிய உலைகள். தமிழி எழுத்தில் பெயர்கள் கீறிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட பானை ஓடுகள். பெரில், நீலக்கல், பளிங்கு, சூதுபவளம், அகேட் ஆகிய கற்களில் செய்த மணிகள். அதுவும் எப்படி? பாதி உடைத்த கல், பட்டை தீட்டிய கல், துளை போடும்போது உடைந்து வீணான கல், முழுமையான மணி என்று ஒரு பட்டறையின் எல்லாப் படிகளும் அப்படியே மண்ணுக்குள் கிடந்தன. ஒரே கல்லறையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன!

சூதுபவளம் கொங்கு நாட்டில் விளையும் கல் அல்ல. குஜராத், மகாராட்டிரப் பக்கத்திலிருந்து கல்லாக வந்து, இங்கே மணியாகி, மறுபடி வெளியே போனது. பெரில் உள்ளூர்ச் சரக்கு. திருப்பூர் காங்கேயம் சாலையில் உள்ள படியூரில் பெரில் சுரங்கம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒருவர் அதை மீண்டும் தோண்டிக் கற்கள் எடுத்தார். பெரில் இந்தியாவுக்கு வெளியே அரிதாகவே கிடைக்கிறது என்று எழுதியவரும் அதே பிளினிதான்.

"பெரில்" என்ற சொல் பிராகிருதத்தின் "வேருலிய"விலிருந்து கிரேக்கத்துக்குப் போனது என்று மொழியறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். அங்கிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குப் பரவியது. ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கு "ப்ரில்லெ" என்று பெயர். அதுவும் இந்தப் பெரிலில் இருந்து வந்ததுதான். பளிங்கு போன்ற கல்லைத் தேய்த்துக் கண்ணாடி செய்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. படியூர் மேட்டில் மாடு மேய்ப்பவருக்கு இது தெரிய வாய்ப்பில்லை. பெர்லினில் கண்ணாடி மாட்டிக்கொள்பவருக்கும் தெரியாது!

கொடுமணலைக் கொடுமணல் ஆக்கியது நொய்யல். அந்த நொய்யலின் பிற்காலக் கதையும் இங்கேயேதான் எழுதப்பட்டது. பக்கத்தில் உள்ள ஒரத்துப்பாளையத்தில் 1992இல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டி முடித்தார்கள். ஆனால் திருப்பூரின் சாயக் கழிவு ஆற்றில் கலந்ததால், அணை பாசன நீரைத் தேக்குவதற்குப் பதில் சாயத்தைத் தேக்கியது. கீழ்ப்பகுதி விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தினார்கள். தங்கள் வயலுக்காகக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்க வேண்டிய நிலை! 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு, கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் நிபந்தனையோடுதான் பட்டறைகள் இயங்க முடிந்தது.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே இருந்தது ஏற்றுமதித் தொழில்தான். இன்று திருப்பூரில் நடப்பதும் ஏற்றுமதித் தொழில்தான். அன்றைய தொழில் மண்ணுக்குள் மணிகளை விட்டுச் சென்றது. நம்முடைய தொழில் எதை விட்டுச் செல்கிறது என்பதைப் பிற்காலத்தில் தோண்டுகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மாட்டுக்கும் நிழல் வேண்டும்

கொடுமணலுக்குத் தெற்கே காங்கேயம் பகுதி. இங்கே சாலையை விட்டு இறங்கி நடந்தால் கொங்கு நாட்டுக்கே உரிய ஒரு நிலத்தைப் பார்க்கலாம். அதற்குப் பெயர் கொறங்காடு. சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். ஆங்காங்கே குடை பிடித்தது போல வெள்வேல மரங்கள். உழவு இல்லை, பாசனம் இல்லை. மழை பெய்தால் புல் முளைக்கும், மாடு மேயும். புல்லும் வேலியும் மரமும் மாடும் சேர்ந்த ஒரு முழு ஏற்பாடு இது.

பார்ப்பவர்களுக்குத் தரிசு நிலம் போலத் தெரியும். ஆனால் பெருவழியின் "பெட்ரோல் பங்க்" இதுதான்! கப்பலைக் காற்று ஓட்டியது. பொதியை மாடு ஓட்டியது. வறட்சியைத் தாங்கி, குறைந்த தீனியில், கனமான பாரத்தை இழுக்கும் காங்கேயம் காளையை வளர்த்தெடுத்தது இந்த மேய்ச்சல் நிலம். பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இந்த இனத்தைப் பேணியதில் பெயர் பெற்றது. ஓலப்பாளையத்தை ஒட்டிய கண்ணபுரத்தில் சித்திரைத் தேரோடு கூடும் மாட்டுச் சந்தை இன்றும் பேர் போனது.

லாரி வந்த பிறகு வண்டி மாடு குறைந்தது. மாடு குறைந்தால் கொறங்காட்டுக்கு என்ன வேலை? வேலியைப் பிடுங்கி மனை போட்டால் உடனே பணம். அப்படி ஒவ்வொரு காடாகப் போய்க்கொண்டிருக்கிறது. கோயிலை இடித்தால் ஊர் கூடிக் கேட்கும். கிளுவை வேலியை இடித்தால் யாரும் கேட்பதில்லை.

இந்தச் சாலைகளில் இன்னொரு நிறுத்தமும் உண்டு. சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள், தோள் உயரத்தில். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் உதவியின்றி இறக்கி வைத்து, இளைப்பாறி, மறுபடி தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக இதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போனவளின் பெயரில், ஊரார் சுமை எல்லாம் இறங்கட்டும் என்று நினைத்தவர்களின் மனது எப்படிப்பட்டது! சாலையை அகலப்படுத்தும்போது முதலில் புல்டோசரில் போவது ஓரத்துப் புளியமரமும் இந்தக் கல்லும்தான்.

மணி சோதித்தவன் எழுதிய தாளம்

ஈரோட்டிலிருந்து காங்கேயம் வரும் சாலையில் அறச்சலூர். அங்குள்ள நாகமலையில் ஒரு குகைத்தளம். 1960களின் தொடக்கத்தில் புலவர் செ. இராசு இங்கே கண்டறிந்த கல்வெட்டுகள் தமிழ் இசை வரலாற்றில் முக்கியமானவை. "த", "தை", "தா", "தே" என்ற தாளச் சொற்களை வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில் கட்டம் போல எழுதியிருக்கிறார்கள். இடமிருந்து வலமாகப் படித்தாலும், வலமிருந்து இடமாகப் படித்தாலும், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல் என எப்படிப் படித்தாலும் ஒரே மாதிரி வரும்!

இதை அமைத்தவன் பெயரும் அங்கேயே இருக்கிறது. மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன்னையும் மணியையும் நாணயத்தையும் சோதித்துத் தரம் சொல்பவன். சுற்றுவட்டாரத்தில் கொடுமணல், படியூர், சிவன்மலை என்று மணி வணிகம் நடந்த பகுதியில் அவனுக்கு வேலை இருந்ததில் வியப்பில்லை. பகலெல்லாம் கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவன், எந்தப் பக்கம் திருப்பினாலும் குறையில்லாத ஒரு தாளக் கட்டத்தை அமைத்திருக்கிறான். தொழில் கண் அப்படியே கலையில் வந்து உட்கார்ந்துகொண்டது போல!

கருவூர் வாசலில்

கடைசி நிறுத்தம் கரூருக்குச் சற்று முன்னால், புகழூர் வேலாயுதம்பாளையத்தில் உள்ள ஆறுநாட்டார் மலை. இங்குள்ள குகைகளில் சமண முனிவர்களுக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்த செய்தி தமிழி எழுத்தில் இருக்கிறது. சேர அரசர் மூன்று தலைமுறைப் பெயர்கள் இதில் வருகின்றன. சங்க இலக்கியச் சேரர் வரலாற்றுக்குக் கல்லில் கிடைத்த பெரிய ஆதாரம் இது. அதே குகையில் கருவூரைச் சேர்ந்த நத்தி என்ற பொன் வணிகனின் கொடையும் பதிவாகியுள்ளது. அரசனும் வணிகனும் ஒரே பாறையில் பக்கத்துப் பக்கத்தில்!

அதைத் தாண்டினால் கரூர். அமராவதி ஆற்று மணலில் ரோமானியக் காசுகளோடு, மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த சேரக் காசுகளும் கிடைத்திருக்கின்றன. மாக்கோதைக் காசில் உள்ள தலை உருவம் ரோமானியக் காசைப் பார்த்துச் செய்தது போல இருக்கிறது என்கிறார்கள் நாணயவியலார். வெள்ளலூரில் புதைந்துபோன வெள்ளி, கரூரில் தமிழ் எழுத்தோடு மறுபிறவி எடுத்தது எனலாம்.

முடிவாக

வேலந்தாவளம் முதல் கரூர் வரை பார்த்த எல்லாமே ஒரே கயிற்றில் கோத்த மணிகள். அந்தக் கயிறுதான் பெருவழி. இன்று வடக்கே 544ஆம் எண் நெடுஞ்சாலையும், தெற்கே கோவை கரூர் நெடுஞ்சாலையும் போகின்றன. பழைய நிறுத்தங்களில் பெரும்பாலானவை இரண்டுக்கும் நடுவிலோ ஓரத்திலோ நொய்யலை ஒட்டிக் கிடக்கின்றன. பழைய சாலைக்கு ஆற்றின் தேவை இருந்தது. புதிய சாலைக்கு அது இல்லை. ஆறு கெட்டாலும் குளம் மூடினாலும் நெடுஞ்சாலைப் போக்குவரத்து ஒரு நிமிடம் கூட நிற்காது. ஆற்றை நாம் இவ்வளவு எளிதாகக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பொதி மாட்டுக்காரன் நொய்யலைக் கெடுத்திருந்தால் மறுநாளே அவனும் மாடும் தாகத்தில் தவித்திருப்பார்கள்.

சுற்றி வளைத்துப் போவது நேர விரயம் என்று தோன்றலாம். ஆனால் யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில்தான் பாறையை உடைத்து ஜல்லி ஆக்குவதும், கல்லறை வட்டத்தின் மேல் ஏர் ஓட்டுவதும், ஓவியத்தின் மேல் பெயிண்டில் காதலியின் பெயர் எழுதுவதும் நடக்கின்றன. நான்கு பேர் அடிக்கடி போய் வரும் இடத்தை உடைப்பது கடினம். அந்தக் காலத்தில் பெருவழிக்கு அரசன் நிழல் கொடுத்தான். இன்று இந்த நிறுத்தங்களுக்கு நிழல் கொடுக்க வேண்டியது வழிப்போக்கர்கள்தான்.

அடுத்த முறை கரூர் வண்டி காங்கேயத்தில் பத்து நிமிடம் நிற்கும்போது, டீயைக் குடித்துவிட்டு வடக்கே திரும்பிப் பாருங்கள். சுமார் இருபது கிலோமீட்டரில் கொடுமணல் இருக்கிறது. ஒரு காலத்தில் அடுத்த தாவளம் அதுதான்!